பெண் பார்க்க வந்த அன்று டைட்டனில் மழை

பொய் சொல்வதில் எனக்குக் கைராசி கிடையாது. சின்னதாக ஒன்று சொன்னாலும் பெரிதாக மாட்டிக்கொள்வேன். தெரிந்தும் போன வருடம் ஒரு பொய் சொன்னேன், அதுவும் என் மகளின் கல்யாண விஷயத்தில்.

தைப்பிங்கிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். என் மகளை விரும்பும் பையனின் தாயார். நலம் விசாரித்தார், ஈப்போவில் வெயில் எப்படி என்று கேட்டார், பிறகு மெதுவாக, “அப்ப உங்கட மகள் என்ன செய்யிறா?” என்றார். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக ரயில்வே, அரசாங்க அலுவலகம், ஆஸ்பத்திரி என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்குப் போனவர்கள். நாங்கள் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். என் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். தோட்டம் விற்றுப்போய் அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. நாங்கள் குனோங் ராபாட்டில் மலைக்குக் கீழே ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். நான் கையுறை செய்யும் கம்பெனியில், வரும் ரப்பர் பாலைச் சோதித்துப் பார்க்கும் அறையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன்.

மகள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்கிறாள். எதைப் பற்றித் தெரியுமா? வியாழன், சனி போன்ற பெரிய கிரகங்களைச் சுற்றும் நிலாக்களுக்குக் காற்று எப்படி வந்தது என்பதைப் பற்றி. நான்கு வருடமாக இதே கேள்வி. இதை நான் யாரிடம் சொன்னாலும், “ஓ…” என்று இழுத்துவிட்டு, “படிச்சு முடிச்சா என்னா வேல கிடைக்கும்லா?” என்பார்கள். எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நானும் தலையை ஆட்டிக்கொண்டே வெங்காயம் உரிப்பேன். உண்மையைச் சொன்னால், ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அதனால் தொலைபேசியில் அந்தக் கேள்வி வந்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “காத்து, மழை இதெல்லாம் பாக்குற வேலைங்க. வானிலை ஜபாத்தான்ல. கவர்மென்ட்டு டிபார்ட்மென்ட்டு.”

“ஆ, அப்பிடியே! நல்லது, நல்லது,” என்றார் அந்த அம்மாள். அந்த ‘நல்லது’ இரண்டு தரம் வந்ததில் எனக்கு அன்று முழுவதும் தரையில் கால் படவில்லை.

வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “ஏம்மா, பிள்ள எப்ப கவர்மென்ட்டுல சேந்துச்சி?”

“சொல்லிட்டேன். இப்ப என்னாங்கிறீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல. எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லலா,” என்று எழுந்து பஸ் கழுவப் போய்விட்டார். சங்கடம் வந்தால் மனிதர் எதையாவது கழுவப் போய்விடுவார்.

மகளிடம் நான் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தால் என்ன குடி முழுகிப் போகும் என்று நினைத்தேன். அவள் அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், அவன் தன் வீட்டில் சொல்லியிருப்பான் என்கிற யோசனை எனக்கு வரவே இல்லை. அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். “அம்மா, எனக்கு இவரத்தான் பிடிச்சிருக்கு. அவங்க வர்றப்ப ரொம்பப் பேசி கெடுத்துறாதீங்க, ப்ளீஸ்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பையன் வீட்டார் வந்தார்கள். பையன், அவன் அம்மா, அப்பா. நான் விடியற்காலையில் எழுந்து கேசரி கிண்டி, உளுந்து வடை சுட்டு, புதிதாக வாங்கிய பீங்கான் தட்டுகளைத் துடைத்து வைத்திருந்தேன். காரிலிருந்து இறங்கிய அப்பா கையில் ஒரு பெரிய கோப்பு. ஜாதகக் கட்டோடு வந்துவிட்டார்கள், காரியம் முக்கால்வாசி முடிந்தது என்று எனக்குள் பூரித்துப் போனேன்.

உட்கார்ந்தார்கள். மகள் நீலப் புடவையில் வந்து கும்பிட்டாள். பையனின் அப்பா அவளை ஆசையோடு பார்த்து, வடையைக்கூடத் தொடாமல் கோப்பைப் பிரித்தார். உள்ளே ஜாதகம் இல்லை. பழைய கணக்குப் புத்தகங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் மழை அளவும்.

“பிள்ளை, நான் தைப்பிங்கில அரசாங்க உத்தியோகத்தில இருந்தவன். ஆனா என்ர உண்மையான வேலை இதுதான்,” என்றார். வீட்டுக்குப் பின்னால் மழைமானி ஒன்று வைத்திருக்கிறாராம். தினமும் காலை எட்டு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு போய் அளந்து எழுதுவாராம். தைப்பிங்கில் மழைக்கு என்ன பஞ்சமா? மனிதருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்திருக்காது. “வானிலைத் துறையில நீர் இருக்கிறீர் எண்டு உங்கட அம்மா சொன்னதிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை. போன நவம்பரில உங்கட அளவும் என்ர அளவும் ஒத்துப்போகேல்லை. ஆர் பிழை விட்டது, சொல்லும் பாப்பம்?”

மகள் திருதிருவென்று விழித்தாள். பையனைப் பார்த்தாள். பையன் மின்விசிறியைப் பார்த்தான்.

நான் உள்ளே புகுந்தேன். “ஞாயித்துக்கிழமைல ஆபீஸ் பேச்சு எதுக்குண்ணே? வட ஆறிப் போவுது, எடுத்துக்கங்க.”

“எந்த ஆபீஸும்மா?” என்றாள் மகள்.

பையன் தொண்டையைச் செருமினான். “அப்பா, நான் அப்பவே சொன்னேன். இவ நிலாக்களப் பத்தி ஆராய்ச்சி செய்றான்னு.”

“நீ நிலா நிலா எண்டாய். பொம்பிளைப் பிள்ளையில விருப்பம் வந்தவன் நிலாவைப் பற்றித்தானே கதைப்பான் எண்டு நான் விட்டிட்டன்!”

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் எதையோ கழுவ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இனி மறைத்து என்ன பயன்? கேசரிக் கரண்டி கையில் இருக்க, அப்படியே எழுந்து நின்றேன். “பொய் சொன்னது நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ ஜபாத்தான்லயும் இல்ல, கவர்மென்ட்டுலயும் இல்ல. அவ இன்னும் படிக்கிறா. நீங்க போன்ல கேட்டப்ப எனக்குக் கூச்சமாப் போச்சி, வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க.”

யாரும் திட்டவில்லை. மகள்தான் கேட்டாள். “எதுக்கும்மா கூச்சம்? என் படிப்புக்கா?”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அறைந்தது. நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையனின் அம்மா தட்டை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அப்பா புத்தகத்தை மூடினார். போச்சு, எழுந்துவிடப் போகிறார்கள், என் வாயால் என் பிள்ளையின் வாழ்க்கை போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, மிட்டாய் இல்லை என்று கேட்ட குழந்தை மாதிரி, “அப்ப மழை இல்லையோ?” என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். “மழ இருக்கு அங்கிள். ஆனா தண்ணி மழ இல்ல.”

“பின்ன?”

“சனி கிரகத்துக்கு டைட்டன்னு ஒரு பெரிய நிலா இருக்கு. அங்க குளிர் மைனஸ் நூத்தியெண்பது. தண்ணி கல்லு மாதிரி உறஞ்சி கிடக்கும். ஆனா மீத்தேன் வாயு இருக்குல்ல, அது அந்தக் குளிருல மேகமாகி மழையா பேயும். ஆறு ஓடும், ஏரி நிக்கும்.”

“துளி எவ்வளவு பெரிசு?” அவர் பேனாவை எடுத்துவிட்டார்.

“நம்ம துளிய விடப் பெருசு. இழுக்குற சக்தி அங்க கொறைவு, காத்தும் அடர்த்தி. அதனால ரொம்ப மெதுவா எறங்கும், பஞ்சு பறக்குற மாதிரி.”

“மெதுவா வாற மழை!” அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். “கேட்டீரே? நான் குடையை விரிச்சு மழைமானிக்குப் போய்ச் சேரும் மட்டும் அது வந்து சேராது!” அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். எனக்கு ஒரு மூச்சு திரும்பி வந்தது.

பிறகு அவர் கேட்டதுதான் என் மகளின் நான்கு வருடக் கேள்வி. “எங்கட சந்திரனில காத்தே இல்லை. அதுக்கு மட்டும் ஆர் காத்துக் குடுத்தது?”

அவள் கேசரிப் பாத்திரத்தை வியாழன் என்று நடுவில் வைத்தாள், சுற்றிலும் வடைகளை அடுக்கினாள். ஒவ்வொரு நிலாவுக்கும் ஒவ்வொரு கதையாம். பாத்திரத்தை ஒட்டி வைத்த வடையின் பெயர் அயோ. அதில் எரிமலைகள் வெடித்து வெடித்துக் கந்தக வாயுவைக் கக்குகின்றன, அதுதான் அதன் காற்று. வியாழனின் நிழலுக்குள் போனால் குளிர் தாங்காமல் அந்தக் காற்று உறைந்து பனியாகத் தரையில் படிந்துவிடுமாம். வெயிலுக்கு வந்ததும் பனி திரும்பவும் ஆவியாகிக் கிளம்புமாம். “அயோ எண்டே பேர் வைச்சவை? பாவம், பொருத்தமான பேர்தான்,” என்றார் பையனின் அம்மா. அன்று அவர் சொன்ன முதல் வேடிக்கை அது.

தள்ளி வைத்த பெரிய வடை கனிமீடு. எல்லா நிலாக்களிலும் பெரியது. ஆனால் காற்று என்று பார்த்தால் பெயருக்குக் கொஞ்சம் ஆக்சிஜன். வியாழனைச் சுற்றிப் பாயும் துகள்கள் அதன் பனித்தரையை இடித்து இடித்துத் தெறிக்கவைக்கும் சிதறல் அது.

“பெருசுக்கு இல்ல, அதவிடச் சின்ன டைட்டனுக்கு மட்டும் நம்ம பூமியவிட அடர்த்தியான காத்து. பெரும்பகுதி நைட்ரஜன். அது எங்கேருந்து வந்துச்சி? சனி உண்டானப்ப சுத்தியிருந்த வாயுவ அப்படியே இழுத்துக்கிச்சின்னு வச்சிக்குவோம். அப்ப அது கூடவே ஆர்கான்னு இன்னொரு வாயுவும் நெறைய வந்திருக்கணும். ஆனா அங்க எறங்கின விண்கலம் அளந்து பாத்தப்ப அந்தப் பழைய ஆர்கான் கொஞ்சூண்டுதான் இருந்துச்சி. அதனால நைட்ரஜன் நேரா வரல. வேற உருவத்துல, ஐசுக்குள்ள ஒளிஞ்சி வந்துருக்கு.” மகள் நிறுத்தி, எல்லார் முகத்தையும் பார்த்தாள். “அமோனியாவா.”

“என்னாது?” என்றேன். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது. “அமோனியாவா? எங்க அமோனியாவா?”

“உங்க அமோனியாதாம்மா.”

ரப்பர் பால் கெட்டித்துப் போகாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பாட்டில் பால் எடுத்து, ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிறதா என்று கண் கொட்டாமல் பார்ப்பேன். அந்த நெடி மூக்கில் ஏறி இருபத்தாறு வருடம் ஆகிறது. அது போய் சனி கிரகத்தின் நிலாவில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? என் மகள் சொல்லியிருப்பாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

விருந்தாளிகள் இருப்பதையே மறந்துவிட்டேன். “அது எப்படிடி அங்க நிக்கும்? மூடியில்லாத பாட்டில்லயே நிக்காதே அது! புதுசா வந்த பிள்ள ஒண்ணு ஒரே லாரிப் பால ரெண்டு பாட்டில்ல எடுத்துச்சி. ஒண்ண பாய்லர் பக்கம் தொறந்து வச்சிருச்சி, இன்னொண்ண குளிர் அலமாரில வச்சிச்சி. மதியம் பாத்தா பாய்லர் பக்கம் இருந்ததுல அமோனியா பாதி பறந்துருச்சி. குளிர்ல இருந்தது அப்படியே இருந்துச்சி…” சொல்லிக்கொண்டே வந்த எனக்குச் சட்டென்று உறைத்தது. கேசரிப் பாத்திரத்தைப் பார்த்தேன். “ஏ பிள்ள! இந்த வியாழன் உண்டாகுறப்ப சூடா இருந்துச்சா?”

மகள் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

“சொல்லுடி. அப்ப வியாழனோட நிலா பாய்லர் பக்கத்து பாட்டில். சனியோட நிலா குளிர் அலமாரி பாட்டில். அதானே?”

“அம்மா! நாலு வருஷத்துல நீங்க கேட்ட மொத கேள்வி இது. கேட்டு நீங்களே பதிலயும் சொல்லிட்டீங்க!” அவள் கைதட்டினாள். பிறகு அவளுக்குள் இருக்கும் ஆராய்ச்சிக்காரி விழித்துக்கொண்டாள். “அது ஒரு காரணமா இருக்கலாம்னு நெனைக்கிறாங்க. மோதல்ல காத்து தூக்கி எறியப்பட்டிருக்கலாம்னும் சொல்றாங்க. முடிவா யாருக்கும் தெரியாது.”

“தெரியாட்டி என்னா, விடு. அமோனியா எப்படி நைட்ரஜன் ஆச்சி?”

“வெயில், மோதல், உள்சூடு, ஏதோ ஒண்ணு அத ஒடச்சிருக்கு. ஒடஞ்சா நைட்ரஜன், ஹைட்ரஜன். ஹைட்ரஜன் லேசு, ஓடிரும். நைட்ரஜன் கனம், தங்கிரும்.”

பையனின் அப்பா மழைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். “நீர் ஏன் பிள்ளை இதைப் படிக்க எடுத்தனீர்?” என்று தலை நிமிராமலே கேட்டார்.

மகள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். “மொத வருஷம் ஒரு வகுப்புல டைட்டனோட காத்து அமோனியாலேருந்து வந்துச்சின்னு சொன்னாங்க அங்கிள். மத்தவங்கல்லாம் எழுதிக்கிட்டாங்க. எனக்கு மட்டும் மூக்குல அந்த வாசம் வந்துச்சி. அம்மா வேலைலேருந்து வந்து பின்கதவுல நிப்பாங்க, அந்த வாசம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேலை விட்டு வந்ததும் நான் முன்வாசல் வழியாக வரமாட்டேன். பின்பக்கம் போய்க் குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் அவளைத் தூக்குவேன். அந்த நெடி அவள் மேல் ஒட்டி, பள்ளிக்கூடத்தில் யாராவது மூக்கைப் பிடித்துவிடக்கூடாதே என்கிற பயம். நான் எதைக் கழுவிக் கழுவி ஒளித்தேனோ, அதை அவள் அத்தனை தூரம் கொண்டுபோயிருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன், எல்லார் முன்னாலும்தான், அதனால் என்ன? சமையலறையில் குழாய் நின்றது. வீட்டுக்காரர் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

அப்போதுதான் பையனின் அம்மா, “அது சரி, நான் இப்ப என்ன செய்யிறது?” என்றார். “என்ர சொந்தக்காரர் எல்லாருக்கும் மருமகள் வானிலைத் துறையில எண்டு சொல்லிப்போட்டன். எல்லாருக்கும்.”

மருமகள் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆனால் அதை நம்பிப் பிடித்துக்கொள்ளப் பயமாக இருந்தது. அவர் கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தார். எண்ணைத் தட்டினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினார்.

“அக்கா? நான்தான். இஞ்ச ஈப்போவில நிக்கிறம். பிள்ளையின்ர வேலை நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இல்லை, இல்லை, குறை ஒண்டும் இல்லை. பொறுங்கோ,” என்றவர் என்னை நேராகப் பார்த்தார். “என்ர சம்பந்தி கதைக்கிறா, கேளுங்கோ.”

தொலைபேசி என் கைக்கு வந்துவிட்டது. சம்பந்தியாம்! மகள் பையனைப் பார்த்தாள். இந்த முறை அவன் மின்விசிறியைப் பார்க்கவில்லை.

“வணக்கம், சொல்லுங்கோ,” என்றது தைப்பிங்கின் இன்னொரு குரல். “அப்ப உங்கட மகள் என்னதான் செய்யிறா?”

அதே கேள்வி. இந்த முறை என் நாக்கு உலரவில்லை. “அக்கா, வியாழன், சனி மாதிரி பெரிய கிரகத்துக்கெல்லாம் நெறைய நிலா இருக்கு. அதுல சிலதுக்குக் காத்து எப்படி வந்துச்சின்னு கண்டுபிடிக்கிறா எம்மக. டைட்டன்னு ஒண்ணு இருக்குக்கா. அது பொறந்தப்ப நல்ல குளிருல அமோனியாவ ஐசுக்குள்ள வச்சிக்கிச்சி. அப்பறம் அது ஒடஞ்சி, லேசானது ஓடிருச்சி, கனமானது நின்னுருச்சி. அதான் காத்து. முடிவா இன்னும் தெரியாதாம், அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. அமோனியா எனக்கு நல்லாத் தெரியும்க்கா, கையுறை கம்பெனில எனக்கு அதான் வேல.”

“ஓம், ஓம், விளங்குது,” என்றது குரல், விளங்காத மாதிரி. “எல்லாம் சரி. அதில பென்ஷன் இருக்கோ?”

வீடே குபீரென்று சிரித்தது. சம்பந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொய் சொல்ல நல்ல வாய்ப்பு, ஆனால் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

“இன்னும் இல்லக்கா,” என்றேன். “நிலாவுக்கே காத்து வந்துருச்சி. எம்மகளுக்குப் பென்ஷன் வராமலா போயிரும்?”